வெள்ளைச் சட்டைக்குள் தெரிந்த படம்

பெண் பார்க்கப் போகும்போது வெள்ளைச் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட்டோடு போன முட்டாள் நான்தான். பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தோம். அருமனையில் பெண் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் பிடித்தது மழை. வீட்டுக்குள் ஓடுவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால், நெஞ்சில் அந்த எச்சரிக்கைப் படம்! அழுகிய தொண்டை செக்கச்செவேலென்று தெரிகிறது. பாக்கெட்டைத் திருப்பி வைக்கலாமென்றால் அந்தப் பக்கமும் அதே தொண்டைதான். கையை மார்பில் கட்டிக்கொண்டேன்.

அவள் காப்பி கொண்டுவந்தாள். அப்படி ஒரு சிரிப்பு. இவள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் நான் செத்தேன் என்று தோன்றியது.

நல்ல வேளை, என்னோடு வந்திருந்த பெரியப்பா ஜெபம் பண்ண எழுந்தார். ஆதாமில் தொடங்கி ரப்பர் விலை வழியாக அவர் வந்துசேர நேரமாகும். எல்லோரும் எழுந்து கண்ணை மூடியதும் பாக்கெட்டை உருவிச் சோபா மெத்தைக்கடியில் சொருகினேன். நிமிர்ந்தால் அவள் மட்டும் கண்ணைத் திறந்து, வாயைப் பொத்திக் குலுங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை “ஆமென்” என்று சத்தமாகச் சொல்லி அடக்கினேன். ஜெபம் அப்போது பாதியில்தான் இருந்தது.

ஜெபம் முடிந்ததும், நான் நனைத்துவைத்த மெத்தையைப் புரட்டிப்போட வந்த அவள் அம்மா கையில் பாக்கெட் சிக்கியது. அம்மா நேராகத் தன் கணவரிடம் திரும்பினார்.

“இன்னும் சிகரெட்டு வலிக்கியளா? பைபிளத் தொட்டுச் சத்தியம் பண்ணினீங்கல்லா?”

“ஐயோ, எனக்கது இல்ல, சத்தியமா இல்ல!”

யாரும் நம்பவில்லை. மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் என் கல்யாணம் நிச்சயம். அவளைப் பார்த்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“அது எனக்கது, என் பாக்கெட்டு” என்றேன்.

பெரியப்பா தலையில் கைவைத்தார். அவள் என்னிடம் தனியாகப் பேசவேண்டும் என்று சொல்லி வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

“அந்தப் படத்துல உள்ள ஆளுக்குப் பொண்டாட்டி உண்டுமா?”

“தெரியாதே.”

“எனக்கு அவளா இருக்க முடியாது, கேட்டியளா? சிகரெட்ட விட்டா சம்மதம்.”

வேகமாகத் தலையை ஆட்டினேன். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து அவள் அப்பாவின் குரல் கேட்டது.

“மாப்பிள்ள, ஓடி வாரும்! அது ஒமக்கதுன்னு இவகிட்ட இன்னொரு தடவ சொல்லும்!”