மூன்றாம் வளைவில் கமரா கண்டது

சித்திரை விடுமுறை முடிந்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கந்தளாய்ப் பக்கம் கார் ஓட்டிப் பழகப் போனோம். பதினாறு வருடமாக ஓட்டுகிறவளுக்கு இனி என்ன பழக்கம் என்று அலுவலகத்தில் கேட்காத ஆளில்லை. போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. அவரவர் காரைக் கொண்டுபோய், எதிரே வாகனம் வராத மூடிய தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். 'ட்ராக் டே' என்கிறார்கள். கொழும்புக்காரரின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் போனதற்குக் காரணம் வேகம் அல்ல. போன மாரியில் கண்டியிலிருந்து திரும்பும்போது, தம்பலகாமத்துக்குக் கிட்ட, இடப்பக்கப் பற்றைக்குள்ளிருந்து யானை ஒன்று ரோட்டில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன், கார் வழுக்கி இடப்பக்க வடிகானுக்குள் இறங்கியது. யானை தன்பாட்டில் போய்விட்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. பக்கத்தில் இருந்த என் கணவர் ஜெயனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. தோள் சுகமான பிறகு பின் சீட்டில் ஏறத் தொடங்கினார், அவ்வளவுதான். கேட்டால், "பின்னால கால் நீட்ட வசதியப்பா" என்பார். எங்கள் காரின் பின் சீட்டில் பூனைக்கே கால் நீட்ட ஏலாது! நான்கு மாதமாக நான் வாடகைக்கார் ஓட்டுநர் மாதிரி முன்னால் தனியே இருந்தேன். அவரை மறுபடி பக்கத்தில் இருத்த வேண்டும், அதற்கு என் ஓட்டம் திருந்த வேண்டும். நான் போன காரணம் இதுதான்.

காலை ஐந்தே முக்காலுக்கு உட்துறைமுகப் பக்கத்து எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். சீனன்குடா தாண்டி, தம்பலகாமச் சந்தி கடந்து, கந்தளாய்க்கு அப்பால் அந்தத் தடம் வரை நாற்பத்தாறு கிலோமீற்றர். ரோடு நல்ல ரோடு. ஆனால் விடிய வெள்ளனவும் பொழுதுபட்ட பிறகும் யானை நிற்கும், மாடும் நிற்கும். மெல்லப் போங்கள். நாங்கள் கானுக்குள் விழுந்த இடம் வந்தபோது பின்னால் பேச்சு நின்றது. நான் கண்ணாடியில் பார்த்தேன், அவர் போனைப் பார்ப்பதுபோல இருந்தார். கந்தளாயில் பணிசும் தேநீரும் எடுத்தோம், அங்கே பேச்சு திரும்பி வந்தது.

இடம் ஒரு பழைய நெல் களஞ்சியத்தின் வளவு. சுற்றிவர மதில், உள்ளே அகலமான தார் ரோடு, பழைய ரயர்களை அடுக்கிப் பிரித்த ஏழு வளைவுகள். ஒரு சுற்று ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பதினான்கு கார்கள் வந்திருந்தன. அங்கே எனக்குத் துணையாகக் கிடைத்தவர் ரிஸ்வி நானா. கிண்ணியாவில் மீன் வியாபாரம். எங்களைப் போல அவரும் ஆசைக்கு ஓட்டுகிறவர்தான், ஆனால் மூன்றாவது தடவையாக வருகிறார். வாத்தியார் வேலை பார்க்க அது போதும் என்று அவரே முடிவுசெய்திருந்தார். கண்ணாடிக்குக் கீழே ஒட்டுகிற சின்னக் கமரா ஒன்றை என் காரில் பொருத்தினார். ஒரு கண் ரோட்டைப் பார்க்கும், மறு கண் காருக்குள் பார்க்கும்.

முதல் ஓட்டத்தில் நான் நன்றாகத்தான் ஓட்டினேன் என்று நினைத்து இறங்கினேன். மூன்றாம் வளைவில் மட்டும் கார் ஒவ்வொரு சுற்றிலும் வெளிப்பக்கமாக அகலப்போனது. கடைசிச் சுற்றில் இடப்பக்கச் சில்லு இரண்டும் புல்லுக்குள் இறங்கிவிட்டன. கொடி பிடித்து நின்றவர் வந்து, இன்னொருமுறை இறங்கினால் இன்றைக்கு ஓட விடமாட்டோம் என்று தன்மையாகச் சொன்னார். ஜெயன் மர நிழலில் கதிரை போட்டு இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரிஸ்வி நானா வீடியோவை மடிக்கணினியில் போட்டார்.

"தங்கச்சி, இத ஒருக்காப் பாருங்க. முடக்கு வலத்துப் பக்கம் போகுது, உங்கட தலை இடத்துப் பக்கம் போகுது. கண் போற பக்கந்தான் காரும் போகும். அங்க பற்றைக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?"

உண்மைதான். மூன்றாம் வளைவின் இடப்பக்கம் மட்டும் மதிலை மறைத்துப் பற்றை வளர்ந்திருந்தது.

"யானையைத்தான் நானா," என்றேன்.

"மதில் கட்டின வளவுக்க யானையா? வாறதெண்டா அதுவும் கேட்டுல டிக்கட் எடுத்துத்தான் வரணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குப் பற்றையைக் கண்டால் கண் தானாகத் திரும்பும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இரண்டாவது ஓட்டத்தில் வளைவு முடிகிற இடத்து ரயரையே பார்ப்பது என்று உறுதியெடுத்துப் போனேன். மற்ற ஆறு வளைவும் திருந்தின. மூன்றாவது திருந்தவில்லை. புல் விளிம்பு வரை போய்த் தப்பினேன்.

மறுபடி வீடியோ. இந்தமுறை ஜெயனும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். ரிஸ்வி நானா பழைய பாட்டையே பாடினார். ஜெயன் இடைமறித்தார்.

"இன்னொருக்காப் போடுங்கோ நானா. மெதுவா."

போட்டார். திரையில் என் முகம், சுக்கானைப் பிடித்த கை, பக்கத்தில் வெறும் இருக்கை.

"இவ பற்றையைப் பாக்கேல்லை. பாத்தால் கண் ஜன்னலுக்கு ஏறவேணும். கண் கீழயெல்லோ நிக்குது," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ர சீட்டைப் பாக்கிறீரப்பா."

எனக்கே தெரியாத ஒன்று அது. பற்றை வந்தவுடன், ஒவ்வொரு சுற்றிலும், அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்த்திருக்கிறேன். ஆளில்லாத சீட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிஸ்வி நானா தண்ணீர்ப் போத்தலைத் தேடுவதாகச் சொல்லி எழுந்து போனார்.

"உங்களுக்கு என்ர ஓட்டத்தில பயம் எண்டு நினைச்சனான்," என்றேன்.

"பயந்தான். அதை உமக்குக் காட்டக் கூடாதெண்டுதான் பின்னால இருந்தனான்."

பின்னேர ஓட்டம் மெதுவானது, துணைக்கு ஒருவரை ஏற்றலாம். ஜெயன் இரவல் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு முன் கதவைத் திறந்தார். இருக்கைப் பட்டியை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார். மூன்றாம் வளைவு வந்தபோது அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தேவைப்படவில்லை. வளைவு முடிகிற ரயரைப் பார்த்தேன், கார் அங்கே போனது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விடயங்கள். காருக்குள் பார்க்காத கமரா அரைவாசிதான் உதவும். கையும் முகமும் கட்டாயம் தெரிய வேண்டும். போனை ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பக்கத்துக் காரில் வெயிலுக்கு அது சூடேறி நின்றுவிட்டது. வீடியோவைச் சத்தத்தோடு பாருங்கள். கால் எங்கே தயங்குகிறது என்பது எஞ்சின் சத்தத்தில் தெரியும். ஒரே வளைவை மூன்று சுற்றில் எடுத்து அடுத்தடுத்துப் பாருங்கள். ஓடியவர் மட்டும் பார்த்தால் போதாது, உங்களைத் தெரிந்த ஒருவரையும் பார்க்க வையுங்கள். அனுமதி ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா, பெற்றோல் அரைத் தாங்கி. ஒரு தொப்பியும் நிறையத் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

பொழுதுபட முதல் வீடு சேர வேண்டும் என்று நாலு மணிக்கே புறப்பட்டோம். கந்தளாயில் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கினோம். ஜெயன் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார்.

ரிஸ்வி நானாவின் கமராவை நிறுத்திக் கழற்றிக் கொடுக்க மறந்திருக்கிறேன். வீட்டில் அதைப் பார்த்தபோது திரும்பி வந்த வழி முழுக்கப் பதிவாகியிருந்தது. தம்பலகாமத்தில் யானை ஏறிய அந்தப் பற்றை வருகிறது. நான் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜெயன், தயிர்ச் சட்டியை இறுக்கிப் பிடித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.