கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தி

கீழ்க்கட்டளையில் எங்கள் காலனி முனையில் ஒரு பெரிய கடை வரப்போகிற செய்தியை முதலில் தெருவுக்குக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு ஆன்ட்டிதான். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் கம்பெனி. மெயின் ரோட்டில் வெகுநாளாகப் பாதியில் நின்றிருந்த கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, முகப்பு முழுவதும் கண்ணாடி பதிக்க ஆரம்பித்திருந்தார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, சோப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குமாம். கூடையை மாட்டிக்கொண்டு நாமே உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாமாம். இதைச் சொன்னபோது ஆன்ட்டியின் முகத்தில், மகளுக்கு நல்ல வரன் அமைந்துவிட்ட களை இருந்தது.

அப்பா அப்போது காலனி நலச்சங்கத்தின் செயலாளர். தெருவிளக்குக்கு மனு கொடுத்து வாங்கியது அவருடைய பெரிய சாதனை. அந்த விளக்கு ஒரே மாதத்தில் அணைந்துபோனதை யாரும் அவர் முன்னால் பேசுவதில்லை. குரோம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வாரம் முழுவதும் மற்றவர்கள் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறவருக்கு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் நடக்கும் சங்கக் கூட்டம்தான் வாய் திறக்கும் இடம். பெரிய கடை அவருக்கென்றே அனுப்பிவைத்த எதிரி மாதிரி வந்து சேர்ந்தது.

காரணம் அண்ணாச்சி. பெரிய கடைக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டி அவருடைய மளிகைக் கடை. காலனியில் பாதி மனைகள் முள்செடியாகக் கிடந்த காலத்திலேயே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். சாமானோடு ஒரு பிரெட் பாக்கெட்டையும் சேர்த்து வைத்துவிடுவார். நான் போனால் கேட்காமலே ஒரு கை பொட்டுக்கடலை கிடைக்கும்.

மாடிக் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று பேசினார்.

“இன்னைக்கு விலையைக் குறைப்பாங்க. அண்ணாச்சி கடையை மூடுவாரு. அப்புறம் அவங்க வெச்சதுதான் விலை. அப்போ யார்கிட்ட போய்ச் சண்டை போடுவீங்க?”

ஆண்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், நீங்க என்னைக்காவது அங்க நின்னு சாமான் வாங்கியிருக்கீங்களா? ஆம்பளைங்க கூட்டத்துல பின்னாடி நின்னு, ஒவ்வொண்ணா சத்தம் போட்டுக் கேக்கணும். சில சாமானை வாய் விட்டுக் கேக்கவே முடியாது சார். புதுக் கடையில நானே எடுத்துக்குவேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

தலையசைத்த ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் தொடங்கினார்கள். வாய் விட்டுக் கேட்க முடியாத அளவுக்கு அப்படி என்ன சாமான் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். தொடையில் கிள்ளு விழுந்தது.

அதற்குப் பிறகு தெரு இரண்டாகப் போயிற்று. ஆன்ட்டி வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வரும் சுண்டல் நின்றது. அப்பாவுக்கும் ஆன்ட்டியின் கணவருக்கும் ஒரே பஸ்தான். ஒருவர் முன்வாசலில் ஏறினால் மற்றவர் பின்வாசலில் ஏறினார். சுண்டல் நின்றதில் எனக்கு வருத்தம். ஆனால் நியாயம் எங்கள் பக்கம் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேசாத ஒரே ஆள் சித்திதான். அம்மாவின் தங்கை. சிங்கப்பெருமாள் கோவிலில் கல்யாணம் செய்துகொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஒரு மத்தியான வேளையில், ஒரு பெட்டியோடு எங்கள் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். சித்தி லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். அந்த லீவு முடியவே இல்லை. எனக்கு அதில் பரம சந்தோஷம். இரவு என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வாள். கணக்கு வீட்டுப்பாடத்தைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துக் கொடுப்பாள்; பி.காம். படித்தவள்.

ஆனால் வெளியே போகமாட்டாள். வந்த புதிதில் அண்ணாச்சி கடைக்குப் போய்வந்தவள்தான். அங்கே நிற்கும் பெண்கள் ஆளுக்கொரு முறை “எப்பம்மா ஊருக்குத் திரும்புறே?” என்று கேட்கப்போய், பிறகு என்னை அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். வாசல் கேட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்விடுவாள். அவளுக்கு வண்டிச் சத்தம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய கடை திறக்கிற நாளைக் குறித்துவிட்டார்கள். அன்று வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவிப்பது என்று சங்கத்தில் முடிவானது. முந்தின நாள் சாயங்காலம், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அப்பா பலகைகள் செய்தார். என் கையெழுத்து அழகு என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு. சிவப்பு பெயின்ட்டில் ‘பெரிய கடையைப் புறக்கனிப்போம்’ என்று எழுதி முடித்து நிமிர்ந்தபோது சித்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“மூணு சுழி போடணும் குட்டி,” என்றாள். என் கையைப் பிடித்து அந்த ‘ன’வை ‘ண’ ஆக்கினாள். பிறகு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப நல்லா இருக்கு. தூரத்துல இருந்தே படிக்கலாம்.”

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் பலூன் வளைவு, ஸ்பீக்கரில் நாதஸ்வரம். எங்கள் தரப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். வளைவுக்குப் பலூன் கட்டிக்கொண்டிருந்த ஆள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னா சார், நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணிகினு கீற? கத்துறதுன்னா கொஞ்சம் ஓரமா நின்னு கத்து சார். பலூன் ஒடஞ்சிடும்.”

அப்பா ஓரமாக நகர்ந்து நின்றார். அவர் சுபாவம் அப்படி. எதிரே அண்ணாச்சி தன் கடை வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தார். கையைத் தூக்கிக் கும்பிட்டார். அப்பாவின் குரல் ஓங்கியது. எல்லோரும் சேர்ந்து கோஷம் போட்டோம். நான் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். தூக்கியபோதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

பில் போடும் மேஜைக்குப் பின்னால், பச்சைச் சட்டையும் கறுப்புத் துப்பட்டாவுமாக, மார்பில் பெயர் எழுதிய அட்டையோடு சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. “சித்தீ!” என்று கத்திக்கொண்டு, பலகையோடு, பலூன் வளைவுக்குள் புகுந்து உள்ளே ஓடினேன். அந்தக் கடையின் முதல் வாடிக்கையாளர் நான்தான் என்று பிற்பாடு ஆன்ட்டி ஊரெல்லாம் சொன்னார்.

என்னைப் பிடிக்க அப்பா ஓடிவந்தார். வாசலில் நின்ற பெண் அவருக்குப் பன்னீர் தெளித்துச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். பழக்கதோஷத்தில் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சித்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“மாமா...” என்றாள் சித்தி. விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன.

அப்பா தன் கையிலிருந்த பலகையைக் குனிந்து பார்த்தார். எழுத்துப் பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி மெதுவாகத் திருப்பிக்கொண்டார்.

“சாப்டியாம்மா?”

“இல்ல மாமா. ஒரு மணிக்குத்தான் விடுவாங்களாம்.”

“சரி,” என்றார் அப்பா. என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். செயலாளரே உள்ளே போய்ச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தபிறகு போராட்டத்தில் என்ன மிச்சம்? எங்கள் பக்கத்திலிருந்தே சிலர், சும்மா பார்த்துவிட்டு வருகிறோம் என்று உள்ளே போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டை நடக்கும் என்று நான் கதவோரம் தயாராக நின்றேன். அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. விண்ணப்பத்தில் ஒட்ட போட்டோ எடுக்கச் சித்தியைக் கூட்டிப்போனதே அம்மாதானாம்.

“அவ இந்த வீட்டுக்குள்ளயே எவ்வளவு நாள் ஒளிஞ்சிட்டிருப்பா?” என்றாள் அம்மா. “போகக் கூடாதுன்னா நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

அப்பா முகம் கழுவிவிட்டு வந்தார். நெற்றிச் சந்தனம் முழுவதும் போகவில்லை.

“டியூட்டி எத்தனை மணிக்கு முடியுது?” என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனார். அண்ணாச்சி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுப் பொண்ணு...”

“பார்த்தேன் சார்,” என்றார் அண்ணாச்சி, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். “கண்ணாடிதானே. எல்லாம் தெரியுது.”

அண்ணாச்சி பருப்பைப் பொட்டலம் கட்டினார். வழக்கத்துக்கு மேல் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“நல்லா இருக்கட்டும் சார்,” என்றார் கடைசியில். அன்று எனக்குப் பொட்டுக்கடலை தரவில்லை. மறந்துவிட்டார் என்று அப்பா சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அப்பா அதிகம் பேசவில்லை. “எங்க வீட்டுப் பொண்ணு அங்க வேலை பாக்குது. நான் சாமான் அண்ணாச்சிகிட்டதான் வாங்குவேன். ரெண்டும் ஒத்து வரலைன்னா வேற செயலாளரைப் பார்த்துக்குங்க,” என்றார். அந்தப் பதவியை வேறு யாரும் விரும்பாததால் அவரே தொடர்ந்தார்.

அண்ணாச்சிக்கு வியாபாரம் குறையத்தான் செய்தது. குளிர்பானப் பெட்டியை எடுத்துவிட்டார். சோப்பு அடுக்குகளில் இடைவெளி விழுந்தது. சைக்கிளில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்து, எப்படியோ காலை ஊன்றிக்கொண்டார். சித்தியோ வேறு ஆளாக மாறிக்கொண்டிருந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துப்பட்டாவைக் குத்திக்கொள்வாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு வாட்டர் பாட்டில் வாங்கித் தந்தாள். ‘ஊருக்கு எப்போ’ என்று கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் இப்போது அவளிடம் வந்து எந்த எண்ணெய்க்கு ஆஃபர் என்று கேட்டார்கள். எதிர்வீட்டுச் சுண்டலும் திரும்ப வந்தது.

அப்பா மட்டும் மாறவில்லை என்று நான் நம்பினேன். ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும் நேரே அண்ணாச்சி கடைக்குப் போய்விடுவார். அண்ணாச்சி அவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். இரண்டு பேரும் எதிரே இருக்கும் பெரிய கடையின் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதிகம் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். சித்தி வேலை முடிந்து வெளியே வரும்வரை இதுதான். அவள் வந்ததும் அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடந்து வருவார். எல்லோரும் விட்டுக்கொடுத்த போராட்டத்தை இவர்கள் இரண்டு பேர் மட்டும் விடாமல் நடத்துகிறார்கள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில், நானும் அப்பாவோடு போயிருந்தேன். பெரிய கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்த ஆள் இறங்கவும் இல்லை, ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை. கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே ஹாரனை அடித்தான். நிறுத்தி, மறுபடியும் அடித்தான்.

அப்பா எழுந்தார். அந்தக் கடைப் படியை மிதிக்கவே மாட்டேன் என்றிருந்த அண்ணாச்சியும் கல்லாவை அப்படியே திறந்துபோட்டுவிட்டு எழுந்தார். என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினார்கள். அப்பா வண்டிக்கு முன்னால் போய் நின்று ஹேண்டில்பாரில் கையை வைத்தார். அண்ணாச்சி கடைப் படியில் ஏறி, கண்ணாடிக் கதவை மறைத்தபடி நின்றார். என்ன பேசினார்கள் என்று லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. அப்பா குரலை உயர்த்தவே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வண்டியைத் திருப்பிக்கொண்டு தாம்பரம் பக்கம் போனான். அண்ணாச்சி திரும்பி வந்து, கை நிறையப் பொட்டுக்கடலை அள்ளி என் பாவாடையில் போட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், அப்பாவும் அண்ணாச்சியும் சேர்ந்து கம்பெனிக்காரனை விரட்டிவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தது என் சித்தப்பா என்று எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

விரட்டிய அன்று இரவு சித்தி சீக்கிரமே என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் கைகள் ஜில்லென்று இருந்தன; லேசாக நடுங்கின.

“ஏன் சித்தி இப்படி நடுங்குது?” என்று கேட்டேன்.

“கடையில ஏ.சி. ஜாஸ்தி குட்டி,” என்றாள்.

அப்பா விரட்டியது போதாது, அந்தக் கடைக்காரர்களை இன்னும் நன்றாகத் திட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் போர்வையில் பாதியை இழுத்து அவள் மேல் போர்த்திவிட்டேன்.