பன்னிரண்டு வந்தால் நிறுத்த வேண்டும்

எங்கள் அம்மைக்குச் சீட்டு விளையாடத் தெரியாது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், அவள் முன்னால் வைத்தே சொல்வேன். அவளோடு கூட்டு சேர்ந்து விளையாடி அனுபவித்தவள் நான். பத்து வயதில் என் உயிரை வாங்கியது கணக்குப் பாடமோ வகுப்பு டீச்சரோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த இந்த அம்மைதான்.

அப்போது அப்பா குவைத்தில் இருந்தார். நானும் அம்மையும் குழித்துறையில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர், சொந்தமாக அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டியதில் மிஞ்சும் தடித்த காகிதத்தைக் கொண்டுவந்து அவரே ஒரு சீட்டுக் கட்டு செய்திருந்தார். ராஜா ராணி கிடையாது, எல்லாம் எண்கள்தான். ஒன்று என்று எழுதிய சீட்டு ஒன்றே ஒன்று, இரண்டு எழுதியவை இரண்டு, மூன்று எழுதியவை மூன்று, இப்படியே போய்ப் பன்னிரண்டு எழுதியவை பன்னிரண்டு.

ஆட்டம் லேசானது. நம் முறை வரும்போது கட்டைக் கலைத்துவிட்டு மேலிருந்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்ப வேண்டும். திருப்பிய எண்களெல்லாம் கூட்டி நமக்குச் சேரும். ஆனால் ஏற்கெனவே வந்த எண் இன்னொரு தடவை வந்துவிட்டால் வெடி. அந்த முறை எடுத்தது அத்தனையும் போச்சு. வெடிப்பதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டவர் பிழைத்தார். இருநூறை முதலில் தொடுகிறவருக்கு ஜெயம்.

ஜெயித்தவர் வீட்டாரிடம் ஒன்று கேட்கலாம், மறுபேச்சில்லாமல் கொடுத்தாக வேண்டும். இது பெரியப்பாவே சேர்த்த சட்டம். "இந்த வீட்டுல கேட்டது கிடைக்கும், என்னா?" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டுத்தான் கட்டை வெளியே எடுப்பார். சும்மா சொல்லக்கூடாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரியம்மை ஒருமுறை ஜெயித்து, ஒழுகுகிற அடுக்களைக் குழாயை மாற்றக் கேட்டாள். அன்று சாயங்காலமே பிளம்பர் வந்தான். அண்ணன், அதாவது அவர்கள் மகன், கிரிக்கெட் மட்டை வாங்கினான். பெரியப்பா ஜெயித்தால் நண்டுக் குழம்பு.

எனக்கு வேண்டியது திற்பரப்பு. என் வகுப்பில் அருவியில் குளிக்காதவள் நான் ஒருத்திதான். பஸ் ஏறினால் போய்விடலாம், ஆனால் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமே. கேட்கும்போதெல்லாம் பெரியப்பா "பாப்போம் மக்கா" என்பார். அந்தப் பாப்போமை நம்பிப் பயனில்லை, ஜெயித்துக் கேட்பதுதான் வழி என்று முடிவு செய்தேன்.

பெரியப்பா தனி ஆள். பெரியம்மையும் அண்ணனும் ஒரு கட்சி. அம்மையும் நானும் ஒரு கட்சி. சீட்டைத் திருப்புவதும் நிறுத்துவதும் பெரியவர்கள் பாடு, பிள்ளைகள் யோசனை சொல்லலாம். என்னிடம் யோசனைக்கு என்ன பஞ்சம்? ராத்திரி படுத்துக்கொண்டே எல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சின்ன எண்கள் கையில் இருந்தால் தைரியமாக எடுக்கலாம், அவற்றின் ஜோடிகள் கட்டில் அதிகம் கிடையாது. பன்னிரண்டு, பதினொன்று மாதிரித் தடியன்கள் வந்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும், அவர்களுடைய கூட்டாளிகள் உள்ளே நிறையப் பேர் காத்திருப்பார்கள். இதை அம்மைக்கு விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்தேன். "சரி மக்கா" என்று தலையாட்டினாள்.

ஆட்டியது தலைதான். மத்தியானம் உட்கார்ந்தால் முதல் சீட்டு இரண்டு வரும். பெரியப்பா "எடுக்கியா, மதியா?" என்று கேட்பார். போதும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் மதி என்றுதான் சொல்வது. அம்மை "மதி அத்தான்" என்பாள், புருஷனின் அண்ணனை அவள் கூப்பிடுவது அப்படித்தான். இரண்டுக்கு மதி. கட்டு முழுவதிலும் இன்னும் ஒரே ஒரு இரண்டுதான் கிடக்கிறது, அதற்குப் பயந்து மதி. நான் தலையில் அடித்துக்கொள்வேன். மற்றவர்கள் நூறைத் தாண்டும்போது நாங்கள் நாற்பதில் நொண்டிக்கொண்டிருப்போம்.

சாப்பாட்டிலும் இந்தச் சனியன் பிடித்த மதிதான். பெரியம்மை மீன் துண்டைக் கரண்டியில் எடுத்தால் போதும், தட்டின் மேல் கையை விரித்து "மதி அக்கா". பண்டிகைக்குச் சேலை எடுக்கப் போனால் முதலில் விரித்துக் காட்டிய சேலையே மதி. எனக்கு வெப்ராளமாக, எரிச்சலும் ஆற்றாமையுமாக வரும். சாமர்த்தியமில்லாத அம்மையைக் கட்டிக்கொண்டு நான் எப்போது அருவியைப் பார்ப்பது?

ஒரு ஜூன் மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அதிசயமாக எங்களுக்கு நல்ல சீட்டாக வந்தது. அம்மையும் என்றைக்கும் இல்லாமல் மூன்று நான்கு சீட்டு எடுத்தாள். நாங்கள் நூற்றைம்பத்தொன்றில் நின்றோம். பெரியம்மை எங்களுக்குப் பின்னால். பெரியப்பா நூற்றுத்தொண்ணூறு, எங்களுக்கு அடுத்த முறை அவருடையது.

அம்மை திருப்பினாள். பன்னிரண்டு. பிறகு ஒன்பது. பிறகு பதினொன்று. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்திரண்டு சேர்ந்துவிட்டது, நிறுத்திக்கொண்டு பெரியப்பாவுக்கு வெடிக்கட்டும் என்று சாமி கும்பிட வேண்டியதுதான். அடுத்த முறை ஜெயம் நமக்கு.

"மதிம்மா, மதின்னு சொல்லு."

"சும்மா இரிட்டி."

பத்து வந்தது. நாற்பத்திரண்டு. இனி கட்டில் பாதிக்கு மேல் எங்களை வெடிக்க வைக்கும் சீட்டுகள். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட இவள் காதில் வாங்கவில்லை. இரண்டுக்கு மதி சொன்னவள் இப்போது பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது நான்கையும் விரித்து வைத்துக்கொண்டு கட்டின்மேல் கையை வைத்திருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எடுக்கியா, மதியா?" பெரியப்பா சிரித்தார்.

"ஒண்ணுகூடி எடுக்கேன் அத்தான்."

எட்டு.

அண்ணன் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான், இருநூற்றொன்று. நான் எழுந்து குதித்தேன். திற்பரப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்தபடியே நின்றேன். அம்மை பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தான், நான் கேக்கட்டா?"

"கேளு பிள்ளே. கேட்டது கிடைக்கும்."

"மார்த்தாண்டத்துல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ் வேலைக்கு எடுத்திருக்காவ. நாளைக்குள்ள வந்து சேரச் சொல்லியிருக்காவ. நான் போணும்."

அம்மை நர்ஸ் படிப்பு முடித்தவள், நான் பிறந்ததோடு வேலையை விட்டவள். பெரியப்பா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். ஓரங்களைத் தரையில் தட்டிச் சரியாக்கினார். அப்புறம், "தம்பிட்ட கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். அத்தான்ட்ட கேக்கச் சொன்னாவ."

பெரியம்மை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கேட்டது கிடைக்கும்னு நீங்கதானே சொன்னியோ?" என்றாள். பெரியப்பா கட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "போயிட்டு வா" என்று சொல்லி எழுந்து அறைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மட்டை கேட்கலாம், நண்டு கேட்கலாம், அருவி கேட்கலாம். ஜெயித்துவிட்டு வேலை கேட்கிற ஆளை உலகத்தில் எங்காவது கண்டதுண்டா? வேலை என்பது ஜெயிக்காதவர்களுக்குக்கூட வீடு நிறையக் கிடைக்கிற பொருளாயிற்றே. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. காலையில் அவள் சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியப்பா கட்டை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நானும் அண்ணனும் போய்க் கேட்டோம். "பள்ளிக்கூடம் தொறந்தாச்சுல்லா, படிக்கப்பட்ட வழியப் பாருங்க" என்றார். பரீட்சை முடிந்த லீவிலும் அதே பதில். கட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அம்மை வேலை முடிந்து வந்து, கிணற்றடியில் வெள்ளைக் கோட்டுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நேரே போய் நின்று கேட்டேன்.

"எல்லாம் உன்னாலதான். நல்லா போயிட்டிருந்த வெளயாட்ட நீதான் கெடுத்த."

அம்மை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சோப்புக் கையோடு துவைகல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அந்த வீட்டில் அம்மை அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எரிச்சலோடு காலை உதைத்துக்கொண்டு உள்ளே போனேன்.