தண்ணீர் வந்த புதன்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில், பெரியநாயக்கன்பாளையத்தில், எங்கள் தேவாலயத்தை ஒட்டியிருந்த ஓட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தேன். பகலில் பள்ளியில் தமிழ் மட்டும் கற்பிக்கும் நான், ஐந்து மணிக்கு மேல் அந்தக் கூடத்தில் எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியை. ஒரு வேண்டுதல், ஒரு பாட்டு, வேதத்திலிருந்து ஒரு கதை, பிறகு வீட்டுப்பாடம், முடிவில் ஆளுக்கொரு கை சுண்டல் என்பது வகுப்பின் ஒழுங்கு. பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். நெற்றியில் திருநீற்றோடு வந்து, எங்களோடு கண்களை இறுக மூடி வேண்டிக்கொண்டு, சுண்டலுக்கு முதல் கையை நீட்டுகிறவர்களும் அவர்களே. அவர்களுடைய தாய்மாரில் ஒருத்தி தொடக்கத்திலேயே என்னைத் தேடி வந்தாள்.

"ஏனுங்க டீச்சர், பாட்டுச் சொல்லிக் குடுங்க, கதை சொல்லுங்க, வேண்டாங்கல. திருநீற மட்டும் அழிக்கச் சொல்லிப்போடாதீங்க."

"கணக்குத் தப்பா இருந்தாத்தானுங்க நான் அழிக்கச் சொல்லுவேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய், மறுநாள் தன் இரண்டாவது மகனையும் அனுப்பிவைத்தாள்.

அப்படி நடந்துகொண்டிருந்த வகுப்பின் கூடத்தை மோட்டார்ப் பட்டறைக்காரர் ஒருவர் சரக்கறையாக வாடகைக்குக் கேட்டார். சபைக்கு வருமானம் வரும் என்று அதன் நிர்வாகக் குழுவில் பலருக்கு ஆசை. நான் மன்றாடியதன் பேரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். செயலரும் பொருளாளரும் புதன்கிழமை மாலை நேரில் வந்து பார்ப்பார்கள். கூடம் நிறையப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால் வகுப்பு நீடிக்கும், இல்லையென்றால் சரக்கறை.

செயலர் தோட்டம் துரவுள்ள குடும்பத்தவர். பம்புக்கு உதிரிப் பாகங்கள் வார்க்கும் பட்டறையும் நடத்தினார். அவருடைய வெள்ளை வேட்டி மடிப்புக் கலைந்து எவரும் கண்டதில்லை. கெட்ட மனிதர் அல்லர். ஆனால் கூடத்துக்குப் பின்புறமிருந்த, பண்ணை வேலைக்குப் போய்வந்த குடும்பங்களின் தெருவுக்குள் அவர் கால் வைத்ததும் இல்லை.

செய்தியைப் பிள்ளைகளிடம் சொன்னதுதான் தாமதம், கூடம் திருவிழாக் களமாயிற்று. தரையைக் கழுவினார்கள். பாட்டை ஊர் முழுவதும் கேட்கும்படி பாடிப் பழகினார்கள். காணாமற்போன ஆட்டின் கதையை விருந்தினர் முன் சொல்ல, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமியைத் தேர்ந்தேன். அவள் தந்தை ஆடு வளர்ப்பவர். தாய் நூற்பாலையில் மாலை முறை வேலைக்குப் போகிறவள். அவள் குரல் கணீரென்று இருக்கும். தொல்லை என்னவென்றால், கதையில் இல்லாத ஓர் ஆளை அவள் உள்ளே கொண்டுவந்துவிடுவாள். தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு மேய்ப்பன் ஒன்றைத் தேடிப் போனான் என்று நான் சொல்லிக்கொடுத்தால், அவள் அந்த இடத்தில் நின்றுவிடுவாள்.

"பட்டியச் சும்மா உட்டுப்போட்டா போனாரு? நாய் வந்து குட்டியெல்லாம் இழுத்துட்டுப் போயிராதுங்களா? சம்சாரத்தக் காவலுக்கு வெச்சுட்டுத்தான் போயிருப்பாரு."

"வேதத்தில் சம்சாரம் இல்லை, அம்மணி. இருக்கிறதை மட்டும் சொல்."

"செரீங்க" என்பாள். அடுத்த முறையும் சம்சாரம் வந்துவிடுவாள். ஒரு சொல் மாறினாலும் பொறுக்காதவள் நான். செயலரோ என்னினும் கண்டிப்பானவர். அந்தச் சம்சாரத்தை எண்ணி எனக்கு உறக்கமே வரவில்லை.

புதன்கிழமை வந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகள் கூடம் நிறைய வரிசை வரிசையாக அமர்ந்திருந்தன. வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. விருந்தினர் இன்னும் வரவில்லை. வாசலை நூறு முறை பார்த்திருப்பேன். அப்போது பின்தெருவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"தண்ணி வந்துருச்சேய்!"

அக்காலத்தில் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வந்தால், நிற்பதற்குள் பிடித்தாக வேண்டும். குடத்தை முன்கூட்டியே வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் முறை வரும்போது அந்த வீட்டு ஆள் குடத்தருகே இருந்தாக வேண்டும். இல்லையேல் பின்னால் நிற்பவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டுத் தம் குடத்தை நீட்டிவிடுவார். அதற்கு மேல்முறையீடு கிடையாது. பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் அந்த ஆள் பிள்ளைதான். நான் வாய் திறப்பதற்குள் கூடம் காலியாயிற்று. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டார்கள்.

கடைசியாக ஓடியவள் ஆட்டுக்காரர் மகள். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"அழுகாதீங்க டீச்சர். பலகையத் தூக்கிட்டு நீங்களும் வாங்க. நாங்க அங்கிருந்தே படிக்கறோம்."

நான் யோசிக்கவில்லை. கரும்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, சேலையெல்லாம் சுண்ணப்பொடி படிய, அவள் பின்னால் ஓடினேன். குழாயடியில் பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் குடங்கள் தெருக்கோடி வரை நீண்டிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பிள்ளை அல்லது ஒரு பெண். திருநீற்றுக்காக என்னிடம் வந்த அந்தத் தாய் என்னைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எல்லாரும் கொடம் கொண்டாந்தா, டீச்சரம்மா பலகையக் கொண்டாந்திருக்கறாங்க! இதுல எவ்வளவு தண்ணிங்க புடிக்கும்?"

பலகையைச் சுவரில் சாய்த்தேன். ஏழாம் வாய்பாட்டைத் தொடங்கினேன். குழாயடியில் நின்ற பிள்ளை ஓர் அடி சொல்ல, அடுத்த குடத்துக்காரன் அடுத்த அடியைச் சொல்ல, வரிசை நெடுக வாய்பாடு ஓடியது. தப்பாகச் சொன்னவனைப் பெண்கள் விடவில்லை. "ஏழெட்டு அம்பத்தாறுடா, மண்டு! கொடத்தப் பின்னால வெய்யி!" என்று ஒருத்தி அதட்ட, தெருவே குலுங்கிச் சிரித்தது. இத்தனை உற்சாகமான கணக்கு வகுப்பை என் பள்ளியில் நான் கண்டதில்லை. சரக்கறை, வாடகை எல்லாம் எனக்கு மறந்தே போயின.

தெருமுனையில் வெள்ளை வேட்டி தெரிந்தபோதுதான் நினைவு வந்தது. செயலரும் பொருளாளரும் காலியான கூடத்தையும் வாசலில் கிடந்த செருப்புக் குவியலையும் பார்த்துத் திகைத்து, சத்தம் வந்த திசையில் நடந்து வந்திருந்தார்கள். தெருவின் தொடக்கத்தில் செயலர் ஒரு நொடி தயங்கினார். பிறகு வேட்டியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றைத் தாண்டி உள்ளே வந்தார்.

"கூடம் காலியாக் கெடக்குதுங்க" என்றார் பொருளாளர், என்னிடம் இல்லை, செயலரிடம்.

ஆட்டுக்காரர் மகள் முந்திக்கொண்டாள்.

"வாங்கய்யா! நான் கதை சொல்லோணும். ஆனா அடுத்தது என்ற கொடம். ஊட்டு ஆளு நிக்காட்டி நவுத்திப்போடுவாங்க." சொல்லிக்கொண்டே குடத்தைச் செயலரிடம் நீட்டினாள். "சித்த புடிச்சுக்குங்க. நான் சொல்லிப்போட்டு வாரேன்."

வரிசையில் எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தத் தெருவில் அவர் வீட்டார் ஒரு செம்பு நீர் வாங்கிக் குடித்ததில்லை என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். செயலர் குடத்தைப் பார்த்தார். சிறுமியைப் பார்த்தார். பின் இரு கைகளாலும் அதை வாங்கிக் குனிந்து குழாயடியில் பிடித்தார்.

அவள் கைகட்டி நின்று தொடங்கினாள். "ஒருத்தருக்கு நூறு ஆடுங்க. பொழுதோட பட்டில அடைக்கறப்ப எண்ணிப் பாத்தா ஒண்ணக் காணோம். மனசு கேக்கல. சம்சாரத்தக் கூப்புட்டு, இந்தா புள்ள, பட்டியப் பாத்துக்கோன்னு சொல்லிப்போட்டு..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இரு கண்ணு" என்றது செயலரின் குரல். "வேதத்துல சம்சாரம் எங்க வருது?"

"எழுதாம உட்டிருப்பாங்கய்யா. ஆளு இல்லாம எப்படிப் போவாரு? இப்ப நான் கதை சொல்ல வந்துட்டேன். நீங்க நிக்கறதுனாலதான என்ற கொடம் நவுறாம இருக்குது?"

அவள் முள்ளிலும் பள்ளத்திலும் தேடி, ஆட்டைக் கண்டுபிடித்து, தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஊரையே கூப்பிட்டுக் கொண்டாடி முடிக்கும்வரை, செயலர் அவளையே பார்த்துக்கொண்டு குனிந்தபடி நின்றார். குடம் நிறைந்து வழிந்து வேட்டியை முழங்கால்வரை நனைத்ததைக்கூட அவர் உணரவில்லை.

"அய்யா, கொடம் வழியுதுங்க!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கூவினாள். "நல்ல காவலுங்க போங்க! நவுந்தீங்கன்னா நாங்க புடிப்போமுங்க!"

தெரு மீண்டும் சிரிப்பில் வெடித்தது. செயலரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஈரக் கைகளை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

"அப்ப கூடத்த என்னுங்க பண்றது?" பொருளாளர் விடுவதாக இல்லை. "கூடம் நெறஞ்சிருந்தாத்தான்னு பேச்சு."

"தண்ணி வர்றப்ப நீங்க கூடத்துலயா உக்காந்திருப்பீங்க?" என்று கேட்டார் செயலர். "பட்டறைக்காரர வேற எடம் பாத்துக்கச் சொல்லிப்போடுங்க."

அதைக் கேட்ட பிள்ளைகள் எழுப்பிய கூச்சல் மேட்டுப்பாளையம் சாலைவரை கேட்டிருக்கும். குடங்களைத் தட்டினார்கள், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தார்கள். கண்டிக்க வேண்டிய நானும் தொப்பலாக நனைந்து, கூடவே கத்திக்கொண்டிருந்தேன். திருநீற்றுக்காரத் தாய் என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"கத்துனது போதுமுங்க டீச்சர். எட்டாம் வாய்பாட்ட ஆரம்பிங்க. இன்னும் பாதிப் பேரு கொடம் நிக்குது."