சத்தம் கூடாத ஷூட்டிங்

ஒரு காலத்தில் ஊட்டிக்கு சினிமா யூனிட் வந்தால் ஊருக்கே தெரியும். ஜெனரேட்டர் வண்டி, சாப்பாட்டு வண்டி, குடை பிடிக்கத் தனி ஆள். என் ஜீப்புக்கும் ஓயாத வேலை. அப்புறம் யாரோ நாலு பேர் சின்னக் கேமராவோடு காட்டுக்குள் போய், காணாமல்போனவர்களின் கேமராவில் கிடைத்தது என்று சொல்லிப் பேய்ப்படம் எடுத்துச் சம்பாதித்துவிட்டார்கள். தயாரிப்பாளர்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. லைட் வேண்டாம், மேக்கப் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். படம் ஆடினால் நல்லது, மங்கினால் இன்னும் நல்லது. லாரி லாரியாக வந்த சினிமா என் ஜீப்பின் பின்சீட்டில் அடங்கிப்போனது.

அப்படி வந்த ஒரு கூட்டத்தைக் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே வாட்ச்மேனாக இருந்த என் தங்கையின் கணவர்தான் வழிகாட்டி. வெயில் ஏறவேண்டிய நேரத்தில் மூடுபனி இறங்கி, பக்கத்துச் செடியைக்கூட மறைத்துவிட்டது.

எங்கள் பக்கம் பனியில் யாரும் வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. இருமுவோம், கைதட்டுவோம், சும்மாவேனும் யாரையாவது கூப்பிடுவோம். தேயிலைக்குள் படுத்திருக்கும் காட்டெருமைக்கு ஆள் வருவது தெரிந்தால் அதுவே விலகிப்போகும். மாப்பிள்ளை ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே போவார்.

டைரக்டர் பையனுக்கு அது ஆகவில்லை. "டப்பிங் கிடையாதுண்ணா. இங்க கேக்குற சத்தம்தான் படத்துல. அதைக் கீழ வைங்க."

"ஏனுங்க, சத்தமில்லாமப் போகக்கூடாதுங்க. மாடு படுத்திருக்கும்," என்றார் மாப்பிள்ளை.

"கொஞ்ச தூரம்தான். நீங்க முன்னாடி நடங்க. திரும்பி மட்டும் பாக்காதீங்க."

நானும் சொல்லிப் பார்த்தேன். ஹெட்ஃபோன் மாட்டிய காதில் அது ஏறவில்லை. என்னை ஜீப்போடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் பனிக்குள் போனார். பின்னால் கேமரா போனது.

அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. இலையில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. பிறகு ஒரு சீறல், செடிகள் முறியும் சத்தம், மாப்பிள்ளையின் அலறல். டப்பாவை அடித்துக்கொண்டே ஓடினேன். தொடை கிழிந்து அவர் தேயிலை வரிசைகளுக்கு நடுவே சாலில் கிடந்தார். கேமராக்காரன் கொஞ்சம் தள்ளி நின்று இன்னும் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை.

உயிர் தப்பியது. காலை எடுத்துவிட்டார்கள். எஸ்டேட்டில், ஆள் கவனமில்லாமல் நடந்ததாகக் கதை கட்டினார்கள். தங்கைக்கு அதுதான் காலைவிடப் பெரிய வலி. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த டைரக்டர் அழுதான். அழுகை நிஜம்தான். கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தக் காட்சியைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

நான் எழுந்துவிட்டேன். தங்கை கையைப் பிடித்தாள். "வைக்கட்டுங்கண்ணா. இவரு என்ன பண்ணுனாரு, என்ன ஆச்சுன்னு நாலு பேரு கண்ணால பார்க்கட்டும்."

குன்னூரில் படம் வந்தபோது அவளும் நானும் போனோம். திரையில் பனி, அவர் முதுகு, அந்தச் சீறல், அந்த அலறல். பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். "ஓவர் ஆக்டிங்டா," என்றான் ஒருவன்.

தங்கை திரும்பினாள். "அது நடிப்பில்லைங்க தம்பி. அவரு என்ற ஊட்டுக்காரருங்க."

"அப்படிங்களாக்கா?" என்றான் அவன் மரியாதையாக. "சாரிங்க. நல்லாத்தான் நடிச்சிருக்காரு."