கெட்ட ரத்தமும் காதில் பஞ்சும்

சூடான எண்ணெய் காதுக்குள் இறங்கும்போது முதலில் போவது வலியல்ல, சத்தம்தான். தெருவில் போகும் டவுன் பஸ், அடுத்த வீட்டு மிக்சி, அம்மாவின் குரல் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். உள்ளே ஏதோ கொழகொழவென்று நகர்வது மட்டும் கேட்கும், கூடவே கருகிய பூண்டு வாசம் வரும். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது இரண்டு நாள் விடாமல் என் வலது காதுக்குள் அந்த எண்ணெய் ஊற்றப்பட்டது. காதில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அம்மா இதைப் படிப்பார். படித்தால் வருத்தப்படுவாரோ என்று இந்தப் பத்தியை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் குறையே இல்லை என்று எழுதினால் அது பொய்.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே, பஸ்ஸில் பதினைந்து நிமிடத்தில் இருந்தது. அப்பா ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்ததால் மாதக்கணக்கில் வெளி மாநிலங்களில் இருப்பார். வீட்டில் அம்மாவும் நானும். அடுத்த வீட்டில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அந்த வருடம் என் கீழ்வரிசை வலப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, காப்பாற்ற வழியில்லாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பல் டாக்டரம்மாவிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தோம். பஞ்சைக் கடித்தபடி அரை மணி நேரம் இருக்க வேண்டும், இன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது, துப்பவும் கூடாது என்று அவர் சொன்னதற்கெல்லாம் அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியம்மா வந்துவிட்டார்.

"புடுங்கியாச்சா சாமி?" என்று என்னைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "ஏம் புள்ள, கொப்பளிக்க வெச்சியா? கெட்ட ரத்தம் உள்ளார நின்னா மூஞ்சியே வீங்கிப்போகும்."

"டாக்டரம்மா இன்னைக்கு வேண்டாம்னாங்களே அக்கா."

"அவங்களுக்கென்ன, புடுங்கிப் போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்புடுவாங்க. வீங்குனா வெச்சுப் பாக்கறது நாமதான?"

முள் குத்தினாலும், நாய் கீறினாலும், சைக்கிளில் இருந்து விழுந்தாலும் "கெட்ட ரத்தம்" வெளியே போய்விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் எழுதாத சட்டம். யாரும் அதைக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சொம்பு வெந்நீரில் உப்பைப் போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தார்கள். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பத்துத் தடவை என்றால் பதினைந்து தடவை செய்கிறவள். வாசல் சாக்கடை ஓரம் குனிந்து நின்று, கன்னம் வலிக்கக் கொப்பளித்து, தொண்டையில் இருந்து காறி, துப்பும் தண்ணீர் வெள்ளையாக வரும்வரை துப்பினேன். "புள்ளைன்னா இப்படியிருக்கோணும்" என்று பெரியம்மா சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: யாரும் என் வாயில் ஊற்றவில்லை, நானேதான் செய்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வலி வந்தது. அதற்கு முன் இருந்த சொத்தைப் பல் வலி வேறு, இது வேறு. தாடை எலும்புக்குள் புறப்பட்டு, கன்னத்துக்குப் பின்னால் ஏறி, காதுக்குள் போய் ஆணி அடித்தாற்போல நிற்கும். தோசையைப் பிய்த்து வைக்கும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. எச்சிலில் ஒரு கெட்ட நாற்றம் வேறு. எங்கே வலிக்கிறது என்று அம்மா கேட்டபோது, அந்த நேரத்தில் எங்கே அதிகமோ அதைச் சொன்னேன்: "காதுலங்ம்மா." அவ்வளவுதான், அதன்பிறகு அந்த வீட்டில் எனக்கு வாயே கிடையாது, காது மட்டும்தான். குழிக்கரண்டியில் தேங்காய் எண்ணெயும் பூண்டும் காய்ந்தன. தலையை மடியில் சாய்த்து ஊற்றி, மேலே பஞ்சை அடைத்தார்கள்.

மறுநாளும் கரண்டி அடுப்பில் ஏறியபோது சொன்னேன், காது இல்லை, பல் பிடுங்கிய குழிதான் வலிக்கிறது, அங்கிருந்துதான் காதுக்குப் போகிறது என்று. பெரியம்மா சிரித்தார்.

"இல்லாத பல்லு வலிக்குமா சாமி? அதத்தான் புடுங்கிப் போட்டாச்சே."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. பல்லைக் கடிக்கவும் முடியாமல், பாதி திறந்த வாயோடு கேட்டேன்: "போன வருசம் உங்க காட்டுல எங்கப்பா போர் போட்டப்ப, புழுதி பக்கத்துக் காட்டுப் பழைய போர்லதானுங்க கெளம்புச்சு? அதுக்காவ அங்கயா போயி பைப்பு எறக்குனீங்க?"

ரிக் ஓடும்போது உள்ளே அடிக்கும் காற்று பாறை வெடிப்பில் புகுந்து, பக்கத்து நிலத்தில் இருக்கும் பழைய குழியில் புகைபோலக் கிளம்புவதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளும் பார்த்திருப்போம். பெரியம்மா, "பாரேன், பல்லு போயும் வாய் கொறையல" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டு, சிரித்த முகத்தோடே, "நாளைக்குக் கணக்குப் பரீட்சை, அதான் அம்மணிக்கு இன்னைக்கு எல்லா எடமும் வலிக்குது" என்றார்.

அந்த வாக்கியம் வலியைவிட மோசமாக இருந்தது. அதுவரை நான் பரீட்சைக்குப் பயந்து ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. சொன்னதையெல்லாம் செய்துவந்த ஒரு பிள்ளையின் சொல்லை, அவள் முதல் முறையாகத் தன் உடம்பைப் பற்றிச் சொன்னபோது, யாரும் நம்பவில்லை. எண்ணெய் ஊற்றட்டும் என்று காதைக் கொடுத்தேன். கொடுத்தபடியே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை சீருடையும் காதில் பஞ்சுமாக பஸ் ஏறி, பள்ளி நிறுத்தத்தில் இறங்காமல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நேராக டாக்டரம்மாவின் படியேறினேன். அங்கே சீட்டு எழுதும் அக்கா, "துணைக்கு யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். "யாரும் வரலைங்க. வலிதானுங்க வந்திருக்குது" என்றேன். உள்ளே இருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "கொப்பளிச்சியா?"

"ஆமாங்க."

"அன்னைக்கேவா?"

"ஆமாங்க. தண்ணி வெள்ளையா வர்ற வரைக்கும்."

அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பல் எடுத்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தம்தான் உள்ளே இருக்கும் எலும்புக்கு மூடி என்றார். அந்த மூடியைத்தான் நான் கழுவிக் கழுவித் துப்பியிருந்தேன். எலும்பு திறந்து கிடந்தது. தாடைக்குப் போகும் நரம்பின் கிளை காதுப் பக்கமும் போவதால் வலி அங்கே ஏறியிருந்தது. கெட்ட ரத்தம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. இருந்ததெல்லாம் நல்ல ரத்தம்.

பெரியவர்கள் இல்லாமல் கைவைக்க மாட்டேன் என்று அவர் அம்மாவின் செல்போனுக்குக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் அம்மாவும் பெரியம்மாவும் வந்துவிட்டார்கள். "பள்ளிக்கூடம் போறேன்னுட்டு இங்க வந்தா உக்காந்திருக்கற?" என்று வாசலிலேயே அம்மாவின் கை உயர்ந்தது. டாக்டரம்மா, "அடிக்கறதுக்கு முன்னால இங்க வந்து ஒரு தடவ பாத்துருங்கம்மா" என்றார். அம்மா குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் என் வாய்க்குள் பார்த்தார். சாம்பல் வெளுப்பாக எலும்பு தெரிந்திருக்கும். உயர்ந்த கை இறங்கியது.

குழியைக் கழுவி, கிராம்பு வாசமடிக்கும் மருந்தில் நனைத்த துணித்துண்டை உள்ளே வைத்தார்கள். பத்து நிமிடத்தில் ஆணியை யாரோ பிடுங்கியது போல வலி இறங்கியது. அப்போது அம்மா என் காதில் இருந்த பஞ்சைத் தன் விரலாலேயே எடுத்தார். எண்ணெய் ஊறி மஞ்சளாக இருந்த அதைப் போட இடம் தெரியாமல், பஸ்ஸில் வீடு வரும்வரை கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

பெரியம்மாதான் பேசினார். "நா என்னத்தக் கண்டேன்? ஆனா அந்தப் போர்க்குழிப் பேச்சு பேசுனா பாரு, அப்பவே நெனச்சேன், இதுல என்னமோ இருக்குதுன்னு."

"நெனச்சதச் சொல்லலைங்களே பெரிம்மா" என்றேன், வாயில் மருந்தோடு.

இத்தனையும் ஏன் இப்போது? போன மாதம் என் ஏழு வயது மகள் யாழினிக்கு ஒரு பால் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. நாமக்கல்லில் இருக்கும் எங்கள் வீட்டில் அன்றைக்கு நான் காவல்காரியாக நின்றேன். உப்புத் தண்ணீர் பக்கமே விடவில்லை, மாமியாரிடம் இரண்டு முறையும் கணவரிடம் நான்கு முறையும் சொன்னேன், குழந்தை துப்பப் போனால் பின்னாலேயே போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வந்து, "அம்மா, காது வலிக்குது" என்றாள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு வெற்றிக் களிப்பு எழுந்தது. இருபது வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவள் நான். "காதில்ல சாமி, பல்லுக் குழி. அது அங்க வலிக்கற மாதிரி காட்டும்" என்றேன்.

"இல்லம்மா. காதுதான்."

"உனக்குத் தெரியாது."

மறுநாள் பல் டாக்டர் பார்த்துவிட்டு, குழி அழகாக ஆறியிருக்கிறது என்றார். அங்கிருந்து காது டாக்டரிடம் போனோம். சளி பிடித்து செவிப்பறை சிவந்து வீங்கியிருந்தது. இரவெல்லாம் வலித்திருக்கும் என்றார் அவர். எண்ணெய் ஊற்றினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்காக எந்தப் பெருமையும் பட முடியவில்லை. உனக்குத் தெரியாது என்று அவள் காதில் நான் அடைத்ததும் பஞ்சுதான்.

திருச்செங்கோட்டில் அந்த டாக்டரம்மாவின் இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. பெரியம்மா இல்லை. என் வாயில் அந்தக் குழியும் இல்லை. பின்னால் இருந்த பல் வருடக்கணக்கில் முன்னால் சாய்ந்து வந்து இடத்தை அடைத்துவிட்டது. நாக்கால் தேடினால்கூட எங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது தேடிக்கொண்டுதான் வந்தேன்.

சிக்னலில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"நாந்தான் காதுன்னு சொன்னேனில்ல?"

பச்சை விழுந்து, பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நான் வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பதிலை ஹாரன் சத்தத்தில் விட்டுவிட எனக்கு மனமில்லை.

"சொன்ன சாமி" என்றேன். "மொதல்லயே சொன்ன."