என் கணவர் உயிரும் திறக்காத கம்ப்யூட்டரும்

போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. அந்த நிமிடம் முதல் நான் பட்டதை, அம்மனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பேசியவர் குமார். என் கணவரோடு சேர்ந்து லாரி ஓட்டுகிறவர். வெங்காய லோடு ஏற்ற சோலாப்பூர் பக்கம் போயிருந்தார்கள்.

"அண்ணி, பதறாதீங்க. வண்டி கவுந்துருச்சு. அண்ணனுக்கு வயித்துல அடி, உள்ளுக்குள்ள ரத்தம் போவுதாம். இன்னும் அரை மணியில ஆபரேஷன்னு சொல்றாங்க. அவரு நினைவில்லாம கெடக்காரு."

அரும்பாவூர் வீட்டில் தையல் மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடிபட்ட செய்தியைவிட ஆபரேஷன் என்ற சொல்தான் என்னைக் கொன்றது. எட்டு வருடத்துக்கு முன் திருச்சியில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. மயக்கத்துக்குப் போட்ட ஒரு ஊசியில் உடம்பு நெருப்பாகக் கொதித்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி, மூன்று நாள் கழித்துத்தான் கண் திறந்தார். 'இந்த மருந்தை இவருக்கு இனி ஒருபோதும் போடக்கூடாது' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்த மருந்தின் பெயர் என் வாயில் வரவில்லை. காகிதம் ஒரு மழையில் பீரோவோடு நனைந்து கூழாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். ஆனால் காகிதம் நல்லபடியாக இருந்தபோதே ஸ்கேன் எடுத்து, ரவிக்கை டிசைன் பார்க்க வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தேன்.

"குமாரு, எந்த ஊசியும் போட வேணாம்னு சொல்லு. பேரு அனுப்புறேன்" என்று ஓடினேன்.

பட்டனை அழுத்தினேன். உள்ளே காற்றாடி சுற்றியது. பீப், பீப், பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். அதே சத்தம். மூன்று முறை பார்த்தேன். பெட்டியின் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

கம்ப்யூட்டரை விற்ற ரவி அண்ணனுக்குப் போன் போட்டேன். பெரம்பலூரில் கடை வைத்திருப்பவர். அன்றைக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்தில் நான் அழுதது மட்டும்தான் அவருக்குக் கேட்டது. மண்டபத்துக்கு வெளியே வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"நான் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆவும் தங்கச்சி. நீங்களே பண்ணுங்க. மொதல்ல ஒயரைப் புடுங்குங்க. பக்கத்து மூடியைக் கழட்டுங்க. உள்ள வெரல் அகலத்துல பச்சைப் பட்டை ஒண்ணு நிமிந்து நிக்கும், அதுதான் ரேம். அதுல அழுக்கு சேந்தாத்தான் இப்படிப் பீப்னு கத்தும். ரெண்டு பக்கமும் கிளிப்பைத் தள்ளினா வெளிய வரும்."

"ஒடைச்சிட்டா என்னண்ணே பண்றது?"

"ஒடையாது. மெதுவா எடுங்க."

கை நடுங்கியது. திருகு தரையில் விழுந்து உருண்டது. நேரம் பத்து ஐம்பது. சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும்; அன்று திறக்கிற நாள்கூட இல்லை. இருந்த இடத்திலேயே கண்ணை மூடினேன். "தாயே மதுரகாளி, எனக்கு இதெல்லாம் தெரியாது. என் கையில நீ இரு" என்றேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

நடுக்கம் நின்றது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது எப்படி இருக்குமோ, அப்படி நின்றது.

பட்டையை எடுத்தேன். அதன் விளிம்பில் பொன்னிறப் பற்கள் அழுக்கேறி மங்கிக் கிடந்தன. அண்ணன் சொன்னபடி பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தி, ஒயரை மாட்டிப் பட்டனைத் தட்டினேன்.

பீப் ஒரே தடவை. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றுவிட்டன.

"அண்ணே, ஏதோ தேதி தப்புன்னு வருது! அதுக்கு மேல போவல!"

"பயப்படாதீங்க, உள்ள பேட்டரி செத்துருக்கு. F1-னு இருக்குற பட்டனை அழுத்துங்க."

அழுத்தினேன். திறந்தது. காகிதத்தின் படம் அப்படியே இருந்தது. திரையைப் போனில் படம் பிடித்துக் குமாருக்கு அனுப்பியபோது மணி பதினொன்று ஆறு.

பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் நான் உயிரோடு இல்லை.

பிறகு குமாரே கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தார். "அண்ணி, அதே ஊசியைத்தான் எடுத்து வச்சிருந்தாங்க. படத்தைப் பாத்ததும் டாக்டரு தூக்கி ஓரமா வச்சுட்டாரு. வேற மருந்து குடுத்து உள்ள கொண்டு போயிட்டாங்க."

அன்று மாலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருபது நாளில் வீடு வந்து சேர்ந்தார். வந்த வெள்ளிக்கிழமையே இருவரும் சிறுவாச்சூர் போனோம். சன்னதியில் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ரவி அண்ணன் "தூசி தட்டினா வரக்கூடியதுதான் தங்கச்சி" என்று சிரிப்பார். இருக்கட்டும். தட்டுகிற கையை நிலைநிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். இப்போது அந்த மருந்தின் பெயர் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, என் போனில் இருக்கிறது, மனப்பாடமாகவும் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் 'எனக்குத் தெரியாது' என்று ஒதுங்குகிற பழக்கமும் என்னைவிட்டுப் போய்விட்டது.

உங்களுக்கும் ஒரு நாள் எல்லாம் இருண்டு போகலாம். அம்மாவைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, செய்ய வேண்டியதில் கை வையுங்கள். அவள் கூடவே இருப்பாள்.